உப்பு முதலில் விழுந்த அண்டா

அண்டாவின் அடியில் பதினேழு புள்ளிகள் இருந்தன. எண்ணியவன் நான். சமையல் மாஸ்டர் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, இடுப்புவரை உள்ளே குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். கடுகில் பாதி அளவு, பழுப்பு நிறம். ஈரத் துணியால் தேய்த்தால் துணியில் துருவின் சாயம் ஏறியது, புள்ளி போகவில்லை. நகத்தை வைத்துப் பார்த்தேன். நுனி மிக லேசாக உள்ளே இறங்கியது.

தலையை வெளியே எடுத்ததும் மாஸ்டர் கேட்டார். "என்னா சார், கறையா?"

"பாக்கலாம்" என்றேன்.

பார்ப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். அந்தக் குழிகள் எதனால் வந்தவை, யாரால் வந்தவை என்பதெல்லாம் நகம் இறங்கிய அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒன்றரை வருடம் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இப்போது எழுபத்தைந்து வயது. செய்ததை நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. மற்றவர்கள் எழுதினால் என்மேல் இரக்கம் காட்டிவிடுவார்கள்.

நாங்கள் பதினோரு பேர். பாதிப் பேர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள், மீதிப் பேர் கடைக்காரர்கள். செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதை திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் தகர ஷெட் இருக்கிறது. பௌர்ணமிதோறும் மலை சுற்றுகிறவர்களுக்கு அங்கே புளிசாதம் கொடுக்கிறோம். எங்கள் தலைவர் அரிசி மண்டி வைத்திருப்பவர். அரிசி அவருடையது, ஷெட் இருக்கும் இடமும் அவருடையது. நல்ல மனிதர்தான். ஆனால் தான் சொன்னதை யாராவது மறுத்துவிட்டால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். அதனால் யாரும் மறுப்பதில்லை.

புளிக்காய்ச்சல் பௌர்ணமிக்கு முந்தின நாளே தயாராகும். அதற்குத் தலைவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. புதுவீட்டுக்குள் முதலில் உப்பை எடுத்துப் போகிறோம் இல்லையா, அதேபோலக் காலி அண்டாவுக்குள்ளும் முதலில் உப்புதான் விழ வேண்டும். காலை ஆறு மணிக்குப் பதினோரு பேரும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுவோம். தலைவர் கற்பூரம் காட்டுவார். மாஸ்டர் புளித்தண்ணீரை உப்பு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி மூடி வைப்பார். அடுப்பு பற்றவைப்பது சாயந்தரம்தான். அதுவரை உப்பு அடியிலேயே கிடக்கும்.

பழைய அலுமினிய அண்டா ஓட்டை விழுந்தபோது, புளிக்கு அலுமினியம் ஆகாது, எவர்சில்வரில் செய்வோம் என்று சொன்னது நான். யாரிடம் கொடுப்பது என்று சொன்னதும் நான். தேரடித் தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த பாயிடம். மூன்று தலைமுறையாகப் பாத்திர வேலை செய்கிற குடும்பம். அறுபதை நெருங்கிய மனிதர். ஆர்கான் வெல்டிங்கில் அவர் போடுகிற தையல் கண்ணுக்குத் தெரியாது, தடவினால்தான் தெரியும். பட்டறைச் சுவரில் ஒரு கம்பி கட்டி, செய்து கொடுத்த ஒவ்வொரு வேலையிலும் மிஞ்சிய தகட்டில் ஒரு துண்டை வெட்டி, மார்க்கரில் குறிப்பு எழுதி அதில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து கிணுகிணுக்கும்.

குழுவில் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். பாய் அளவெல்லாம் குறித்துக்கொண்ட பிறகு கேட்டார்.

"என்னா சார் சமைப்பீங்க இதுல?"

"புளிக்காய்ச்சல்."

"உப்பு எப்போ போடுவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன பாய், சமையல் கத்துக்கப் போறீங்களா?"

கூட வந்தவர்களும் சிரித்தார்கள். வழக்கத்தைச் சொன்னேன். பாய் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப த்ரீ ஒன் சிக்ஸ் போட்டுடலாம் சார். அடிக்கு மட்டுமாவது. உப்புக்கல்லு பகலெல்லாம் ஒரே எடத்துல உக்காந்திருந்தா த்ரீ நாட் ஃபோர் தாங்காது."

அந்த இடத்தில் நான் சரி என்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. ஆனால் கூட இரண்டு பேர் நின்றார்கள். எனக்கு வகுப்பெடுக்கிற வியாதி. தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்து ஒரு பெரிய தகட்டின் மேல் எழுத ஆரம்பித்தேன். எவர்சில்வர் என்றாலும் அதில் துளி வெள்ளி கிடையாது. முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைய இரும்பு. துருப்பிடிக்காமல் காப்பது குரோமியம். அது காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலை இரும்பின் மேல் போர்த்துகிறது. கீறினாலும் அந்தத் தோல் தானே வளர்ந்துகொள்ளும். 304 என்றால் நூற்றுக்குப் பதினெட்டு குரோமியம், எட்டு நிக்கல். 202 போன்ற இருநூறு வரிசையில் விலை அதிகமான நிக்கலைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். பார்க்க அதுவும் அப்படியேதான் பளபளக்கும். 316 என்பது 304-க்கு அண்ணன் மாதிரி. நிக்கல் கொஞ்சம் ஜாஸ்தி, கூடவே இரண்டு பங்கு மாலிப்டினம். கடலோரத்துக்கும் மருந்துக் கம்பெனிக்கும் அது தேவை. "புளிசாதத்துக்குக் கடல் எங்க வந்துச்சு?" என்று முடித்தேன்.

பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாம் சரிதான் சார். உப்புதானே சார் கடலு."

கூட வந்தவர்களில் ஒருவர் பக்கென்று சிரித்துவிட்டார். இந்தத் தடவை என்னைப் பார்த்து.

"பாய், நான் இத முப்பது வருஷம் பாடம் எடுத்தவன்."

"நான் பாடம் படிக்கல சார். ரிப்பேருக்குத் திரும்பி வர்ற பாத்திரத்தப் பாத்திருக்கேன், அவ்ளோதான். இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க. தண்ணி கொதி வந்தப்புறம் உப்பு போடச் சொல்லுங்க. கரைஞ்சிடும், அடியில நிக்காது. அப்ப த்ரீ நாட் ஃபோரே போதும்."

அதைத் தலைவரிடம் யார் சொல்வது? பாயின் கையிலிருந்து ஆர்டர் நோட்டை வாங்கினேன். அவர் 316 என்று எழுதியிருந்ததை அடித்து, 304 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். தேர்வுத்தாளில் தப்பான விடையை அடிக்கிற மாதிரி அழுத்தமாக அடித்தேன். குளோரைடு அந்தத் தோலைத் துளைக்கும் என்பது எனக்குத் தெரியாதா? எத்தனையோ வருடம் அதையும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அது என் நினைவுக்கு வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டு எழுதினேன்.

ஐந்தாவது பௌர்ணமி முடிந்து அண்டாவைக் கழுவும்போதுதான் மாஸ்டர் புள்ளிகளைப் பார்த்தார். எனக்குக் காட்டினார். நான் பாக்கலாம் என்றேன். ஆனால் அவர் தலைவருக்கும் காட்டிவிட்டார்.

தலைவர் மண்டியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அரிசியில் ஆணி, கம்பித் துண்டு கிடந்தால் பிடிக்க வைத்திருக்கும் காந்தம். அதை அண்டாவின் பக்கவாட்டில் வைத்தார், விழுந்துவிட்டது. அடியில், தகடு வளைந்து திரும்புகிற இடத்தில் வைத்தார். ஒட்டவில்லை, ஆனால் லேசாக இழுத்தது. நழுவி விழக் கொஞ்சம் தயங்கியது.

"பாத்தீங்களா! இழுக்குது. டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டான்."

நல்ல 304 தகட்டைக்கூட அடித்து வளைத்தால், வளைத்த இடத்தில் காந்தம் லேசாக இழுக்கும். இருநூறு வரிசைத் தகட்டில் பல சமயம் காந்தம் சுத்தமாக ஒட்டாது. காந்தத்தை வைத்துக்கொண்டு தரம் சொல்வது கடைத்தெருவில் எல்லோரும் செய்கிற தப்பு. இதையும் நான் அப்போதே சொல்லியிருக்கலாம். "காந்தம் மட்டும் போதாதுங்க, நான் ஒரு டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். நேரம் வாங்கினேன்.

அதற்கென்று ஒரு சொட்டு மருந்து விற்கிறார்கள். கூரியரில் வரவழைத்தேன். அண்டாவைத் தூக்க முடியாது என்பதால் அதே தகட்டில் செய்த மூடியை ஆட்டோவில் வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடத்தில் பேப்பர் விரித்து அதன் மேல் வைத்தேன். என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல நம்ம தட்டுல பண்ணிக் காட்டுங்க" என்று, தீபாவளிச் சீட்டில் வந்த புதுத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

தட்டில் ஒரு சொட்டு விட்டு, அதில் சதுர பேட்டரியின் முனையைத் தொடவைத்தேன். மூன்று நொடிக்குள் சொட்டு செக்கச்சிவந்தது. மாங்கனீசு. இருநூறு வரிசை.

"அடப்பாவி, இதுக்கா மாசா மாசம் சீட்டு கட்டினேன்!" என்றாள்.

பிறகு மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டு. பேட்டரியை வைத்தேன். மூன்று நொடி. பத்து நொடி. முப்பது. வெளிறின மஞ்சளாக நின்றதே தவிர, சிவக்கவில்லை. துடைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி செய்தேன். சிவக்கவில்லை. பாய் போட்டது சுத்தமான 304.

"சிவக்கலையே! அப்ப பாய் சரியாத்தான் செஞ்சிருக்காரு?"

"ஆமா."

"நல்லவேளை. ஞாயித்துக்கிழம மீட்டிங்ல சொல்லிடுங்க. பாவம், அந்த மனுஷன் பேரு கெடுது."

மூடியைத் துணியால் துடைத்தேன். சொட்டு நின்ற இடத்தில் மிளகளவு மங்கல் ஒன்று விழுந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குள் ஒரே கணக்கு. தகடு சரியென்றால் துரு ஏன் வந்தது என்று தலைவர் கேட்பார். உப்பால் என்று சொல்ல வேண்டும். என் உப்பா என்று அவர் கேட்பார். இது தெரிந்துதானே இருந்திருக்கும், நீங்கள் ஏன் முன்பே சொல்லவில்லை என்று மற்றவர்கள் கேட்பார்கள். பாய் 316 கேட்டதும், நான் அடித்ததும் வெளியே வரும். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் என் கையெழுத்தில் போய் முட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டில் கூடினோம். பாய் தன் மொபெட்டில் வந்தார். கம்பியிலிருந்து கழற்றிய தகட்டுத் துண்டைக் கையில் வைத்திருந்தார். யாரும் அவருக்கு நாற்காலி கொடுக்கவில்லை. அவரும் தேடவில்லை. நேராக அண்டாவிடம் போய் உள்ளே பார்த்தார்.

தலைவர் கேட்டார். "என்னா பாய், அன்னதானத்துக்கே டூ நாட் டூவா?"

"த்ரீ நாட் ஃபோர்தாங்க. இந்தாங்க, அதே ஷீட்டுல வெட்டின துண்டு. எங்க வேணா குடுத்து டெஸ்ட் பண்ணிக்குங்க."

"துண்ட நல்ல ஷீட்டுலேந்து வெட்டி மாட்டி வெச்சிருந்தா யாருக்குத் தெரியும்?"

"அப்ப அண்டாவுலயே சுரண்டிக் குடுங்க."

"காந்தம் இழுக்குதே பாய்."

"வளைச்ச எடத்துல இழுக்கும்ங்க. சாருக்குத் தெரியும், கேளுங்க." பாய் என்னைப் பார்க்காமலே சொன்னார். கை மூடியைத் திருப்பிக்கொண்டிருந்தது. கட்டை விரலால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். மூடியை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். கோபம் இல்லாத பார்வை. என்னமோ ஒன்றுக்காகக் காத்திருக்கிற பார்வை என்று மட்டும் அப்போது பட்டது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "சார், டெஸ்ட் பண்றேன்னு மூடிய எடுத்துட்டுப் போனீங்களே. என்னா வந்துச்சு?"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே ஏதோ டூரிஸ்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடிகிறவரை பேசாமல் இருந்தேன். பஸ்ஸும் போய்விட்டது.

"முடிவா ஒண்ணும் சொல்ல முடியலைங்க" என்றேன். "லேப்ல குடுத்தாத்தான் சரியாத் தெரியும்."

"வாத்தியாருக்கே சொல்ல முடியலன்னா, அதுல ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

நான் அண்டாவின் பக்கம் பார்த்தேன்.

"அப்ப லேப்ல குடுங்க" என்றார் பாய்.

"அதெல்லாம் எதுக்கு? சாமி காரியம், கோர்ட்டு கேசுன்னு போக முடியுமா? இருக்கறத வெச்சு ஓட்டிக்கறோம். புதுசா மூணு குண்டான் செய்யச் சொல்லியிருந்தோமே, அது வேணாம் பாய். வேற எடத்துல பாத்துக்கறோம்."

பாய் மூடியை அண்டாவின் மேல் வைத்தார். அவ்வளவு பெரிய மூடியைச் சத்தமே வராமல் வைத்தார். துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

ஷெட்டில் சொன்னதைப் பொய் இல்லை என்று எனக்கு நானே வாதாடலாம். வாதாடினேன். வீட்டில் சொன்னதற்கு எந்த வாதமும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பௌர்ணமிக்கு முந்தின நாளும் வரிசையில் நின்று நானும் என் கைப்பிடி உப்பைப் போட்டேன். காலி அண்டாவில் கல்லுப்பு விழுகிற சத்தம் உங்களுக்குத் தெரியுமா? தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும். புள்ளிகள் அதிகமாயின. எண்ணுவதை நிறுத்திவிட்டேன். புளியும் உப்பும் அந்தக் குழிகளைக் கண்முன்னே ஆழமாக்குவதைப் பார்த்துக்கொண்டு, கற்பூரத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

தேரடித் தெருப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். பெரிய கோயிலுக்குப் போவதென்றால் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போனேன். மனைவி ஒரு நாள் கேட்டாள், "ஏன் இப்படிச் சுத்திக்கிட்டுப் போறீங்க?" நடை நல்லது என்றேன்.

போன வருடம் ஒரு சாயங்காலம். கலெக்டர் ஆபீஸ் அருகே புதிதாக ஓட்டல் திறக்கப் போகிறவர் ஒருவர், என் பழைய மாணவருக்குச் சொந்தக்காரராம், வீட்டுக்கு வந்தார். சமையல்கட்டு முழுக்க எவர்சில்வர் போட வேண்டும், எந்த கிரேடு என்று யோசனை கேட்டார். சொன்னேன். எழுந்து போகும்போது சொன்னார்.

"தேரடிப் பக்கம் ஒரு பாய் நல்லா செய்வார்னாங்க சார். விசாரிச்சேன். நல்லவேளை, முன்னாடியே தெரிஞ்சிடுச்சு."

"என்ன தெரிஞ்சிடுச்சு?"

"என்னா சார், என்னையே கேக்கறீங்க! அன்னதான அண்டாவுக்கு டூ நாட் டூ போட்டு ஏமாத்திட்டாருன்னு நீங்கதானே டெஸ்ட் பண்ணிச் சொன்னீங்க? கெமிஸ்ட்ரி சாரே மிஷின் வெச்சுக் கண்டுபுடிச்சாருன்னு ஊரே சொல்லுது."

காபி டம்ளரை எடுக்க வந்த மனைவி வாசற்படியில் நின்றுவிட்டாள்.

அவர் போன பிறகு அவள் கேட்டது இதுதான். "அன்னிக்கு என்னதான் சொன்னீங்க?"

சொன்னேன். சொல்லி முடித்தேன். அவள் உள்ளே போனாள். சாப்பாடு போட்டாள், தட்டைக் கழுவினாள், படுத்தாள். மறுநாள் காலை காபியோடு வந்து சொன்னாள்: "இன்னிக்கு நேர் வழியாப் போங்க."

போனேன். பட்டறையில் எவர்சில்வர் தகடே இல்லை. ஜன்னலுக்கு இரும்புக் கிரில் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சுவரில் கம்பி அப்படியே இருந்தது. புதிதாகத் துண்டு எதுவும் ஏறியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நாங்கள் அன்று அவருக்குப் போடாதது.

"பாய், தகடு சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் அன்னிக்கே தெரியும் சார்."

"எப்படி?"

"மூடி ஓரத்துல ஒரு சொட்டு மங்கலா இருந்துச்சே. பாலிஷ் போட்டவனுக்குத் தெரியாதா? அது சிவந்திருந்தா நீங்க மீட்டிங்ல முதல் ஆளா சொல்லியிருப்பீங்க."

நான் ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தேன். "நோட்டக் கொண்டாந்து காட்டியிருக்கலாமே. என் கையெழுத்து இருந்துச்சே."

"வண்டிப் பையிலதான் சார் இருந்துச்சு. நீங்களே சொல்வீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். சொல்லல. அதுக்கப்புறம் நோட்டக் காட்டினா, உங்கள மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும். எனக்கு அது வரல."

"மன்னிச்சிடுங்க பாய்."

"இங்க கேட்டு என்னா சார் ஆகும்?" என்றார். குரல் உயரவில்லை. "என் பேரு கெட்டது இந்தப் பட்டறையில இல்லயே. அங்க வந்து சொல்லுங்க. அந்தப் பதினோரு பேரு இருக்கறப்போ. நானும் வர்றேன்."

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள். ஆறு மணிக்கு ஆளுக்கு ஒரு பிடி உப்போடு வரிசை நின்றது. தலைவர் முதலில், நான் நாலாவது. வழக்கமாக முதல் பிடி தலைவருடையது. அவர் உப்போடு அண்டாவை நெருங்கினார். கேட்டுக்கு வெளியே மொபெட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பாய் உள்ளே வரவில்லை, கேட்டருகிலேயே நின்றார்.

"ஒரு நிமிஷம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "போடாதீங்க."

தலைவர் கையை நீட்டியபடி திரும்பினார். "என்னா சார்?"

சொன்னேன். வரிசையாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன், முன்னும் பின்னுமாக வந்தது. பாய் 316 கேட்டது, நான் அடித்தது, சொட்டு சிவக்காதது, தெரிந்தும் தெரியவில்லை என்று சொன்னது. என் பிடி உப்பைத் துண்டில் கொட்டி வைத்துவிட்டு, மூடியை எடுத்து மங்கலைக் காட்டினேன். மருந்துப் பாட்டிலைக் கொண்டுபோயிருந்தேன். எல்லோருக்கும் முன்னால் அண்டாவின் விளிம்பிலேயே சொட்டு விட்டு, பேட்டரியை வைத்தேன். பக்கத்தில் எங்கள் வீட்டுச் சீட்டுத் தட்டு. தட்டு சிவந்தது. அண்டா சிவக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள்.

"அப்ப இந்தத் துரு?" என்று தலைவர் கேட்டார். கையில் உப்பு அப்படியே இருந்தது.

"உப்புங்க. அடியில காலையிலேந்து கெடக்குதே, அது."

"என் உப்பா?"

"நம்ம எல்லாரோட உப்பும். நானும்தான் மாசா மாசம் போட்டேன். தெரிஞ்சே போட்டேன்."

அவர் முகம் சிவந்தது. "இத்தன நாளா வாயில என்னா சார் வெச்சிருந்தீங்க? ஒரு மனுஷன வாசல்லயே நிக்க வெச்சுத் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிச்சேனே, என் வாயால! படிச்சவரு நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்கன்னுதானே பேசினேன்!"

"ஆமாங்க. உங்களுக்குப் பயந்தேன். நான் எழுதினது தப்புன்னு வெளிய தெரியறதுக்கும் பயந்தேன்."

அவருக்கு அதற்கு மேல் திட்டத் தெரியவில்லை. கேட்டைப் பார்த்தார். "பாய், உள்ள வாங்க" என்றார். பாய் இரண்டடி வந்து நின்றார். தலைவர் என்னென்னவோ சொல்லப் பார்த்தார். கடைசியில், "அந்த மூணு குண்டான..." என்று ஆரம்பித்தார்.

"அது இருக்கட்டும்ங்க" என்றார் பாய். "இங்க சொன்னதக் கடத்தெருவுலயும் சொன்னீங்கன்னா போதும்."

துண்டிலிருந்த என் உப்பை மறுபடி கையில் எடுத்தேன். இப்போது பதினோரு பேர் கையிலும் உப்பு. போடவும் முடியாது, திருப்பிச் சாக்கில் கொட்டவும் யாருக்கும் மனசில்லை. மாஸ்டர்தான் வழி கண்டுபிடித்தார்.

"அடுப்ப இப்பவே பத்த வெக்கறேன். புளித்தண்ணி கொதிக்கட்டும். அதுவரைக்கும் எல்லாரும் உப்பக் கையிலயே வெச்சுகிட்டு நில்லுங்க. அப்பவும் மொத உப்பு உங்க உப்புதானே?"

தலைவர் யோசித்தார். சரி என்று தலையாட்டினார்.

அவ்வளவு பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. பதினோரு கிழவர்கள் மூடிய கையோடு அண்டாவைச் சுற்றி நின்றோம். மூக்கு அரித்தால் இடது கை. போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. வேர்வையில் என் கையில் உப்பு கசிந்து மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கியது. தலைவர் மட்டும் நடுவில் ஒரு தடவை, என்னைப் பார்க்காமல், "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று மாஸ்டரைக் கேட்டார்.

கேட்டின் பக்கம் பார்த்தேன். பாய் மொபெட்டை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே கொஞ்சதூரம் போய், அப்புறம் ஏறினார். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். கொதி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

தலைவர் கடைத்தெருவில் சொன்னார். நானும் ஓட்டல்காரரைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் அதற்குள் வேறிடத்தில் வேலையைக் கொடுத்துவிட்டார். "அப்படியா சார்?" என்றார், யாரை நம்புவது என்று தெரியாத முகத்தோடு. இப்போது பட்டறைக் கம்பியில் புதுத் துண்டுகள் மூன்றோ நாலோ ஏறியிருக்கின்றன. நான் எண்ணினேன். முன்பு மாதம் ஒன்றிரண்டாவது ஏறும். எங்கள் ஷெட்டுக்கு அவர் எதுவும் செய்து கொடுக்கவில்லை. கேட்டால், "நேரம் இல்ல சார்" என்கிறார். கிரில் பற்றவைக்க நேரம் இருக்கிறது.

மாதாமாதம் நாங்கள் இப்போதும் உப்போடு காத்திருக்கிறோம். கொதி வந்ததும் மாஸ்டர் "ம்" என்பார். கையைத் திறந்தால் என் பங்கில் பாதி ஏற்கெனவே கரைந்து போயிருக்கும்.